குடியை விட விரும்புபவருக்கு எந்தக் கூட்டம் பொருத்தம்?

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அதன் பின்னர் வீடுகள் எழும்பின. வீதிகள் போடப்பட்டன. மின்சாரமும் வந்தது. ஆனாலும் எங்கள் கிராமங்களில் பொழுதுபட்டதும் பல பெண்களின் காது படலைப் பக்கமே இருக்கிறது. வருகிற சைக்கிள் நேராக வருகிறதா, தடுமாறி வருகிறதா என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்க அவர்கள் பழகிவிட்டார்கள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள் என்பதுதான் வேதனையானது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து வெளியேறிய நாளிலிருந்து வன்னிக் கிராமங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்து வருகிறேன். வாழ்வாதாரம், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு என்று எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், கடைசியில் பல சகோதரிகள் என் காதருகே குனிந்து கேட்பது ஒரே கேள்வியைத்தான். “தங்கச்சி, இந்தக் குடியை நிப்பாட்ட ஏதும் வழி இருக்கோ?”

வழி இருக்கிறது. அந்த வழியின் ஒரு முக்கியமான பகுதியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. குடியை நிறுத்த விரும்புபவர்கள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஆதரவுக் குழுக் கூட்டங்களே அது. ஒரு கூட்டத்திற்குப் போய் அது சரிவராமல் திரும்பி வந்தவர்கள் எங்களில் பலர். “கூட்டத்துக்கும் போய்ப் பாத்திட்டம், ஒண்டும் நடக்கேல்லை” என்று சொல்பவர்களுக்காகவே இதை முக்கியமாக எழுதுகிறேன்.

குடி ஒரு நோய்

எமது சமூகம் குடியைக் குணக்கேடு என்று பார்க்கிறது. “மனுசி சரியாயிருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?” என்று பெண்ணின் தலையிலேயே பழியைப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் மருத்துவ உலகம் மதுவுக்கு அடிமையாதலை ஒரு நோயாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை காலப்போக்கில் மதுவுக்குப் பழகிவிடுகிறது. பின்னர் அவர் சந்தோசத்துக்காகக் குடிப்பதில்லை, நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறார். “நாளைக்கு விடுறன்” என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொய் அல்ல. சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் தனியாக அதை நிறைவேற்ற அவரால் முடிவதில்லை.

எங்கள் மண்ணில் இந்த நோய்க்கு யுத்தமும் உரம் போட்டிருக்கிறது. பிள்ளையை இழந்தவர், உடலில் இன்னும் சன்னத்துண்டைச் சுமப்பவர், காணாமல்போன சகோதரனைத் தேடுபவர், இரவில் கனவு கண்டு அலறி எழும்புபவர் என்று பலர் நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கினார்கள். ஆண்கள் அழக்கூடாது என்று வளர்த்த சமூகம் அவர்களுக்கு அழுவதற்கு ஓர் இடம் கொடுக்கவில்லை. தவறணையும் கசிப்புக் கொட்டிலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதைச் சொல்வது அவர்கள் செய்யும் அடி உதைகளை நியாயப்படுத்துவதற்காக அல்ல. எதற்கு மருந்து தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு தேடுவதற்காகவே.

முதலில் வைத்தியசாலை

கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் இரண்டு விடயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, நீண்டகாலமாக நாளாந்தம் அதிகமாகக் குடிக்கும் ஒருவர் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய முதல் நாளிலேயே கைநடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரையான காலத்தில் சிலருக்கு அறிவு தடுமாறி, இல்லாததைக் காண்பதும் கேட்பதும் நடக்கும். இதைப் “பேய் பிடிச்சிட்டுது” என்று நினைத்துக் கட்டி வைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இது உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எனவே குடியை நிறுத்த முடிவெடுத்தால் முதலில் மாவட்ட வைத்தியசாலையிலோ ஆதார வைத்தியசாலையிலோ உள்ள உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். வைத்தியரின் கண்காணிப்பில் சில நாட்கள் மருந்தும் விற்றமின் பி1 உம் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் தேவையில்லை.

மற்றது, “அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி மறந்துவிடும்” என்று விற்கப்படும் தூள்களையும் குளிசைகளையும் வாங்காதீர்கள். குடித்தால் உடல் ஒத்துக்கொள்ளாமல் செய்கின்ற மருந்து ஒன்று இருப்பது உண்மைதான். அதை நோயாளியின் சம்மதத்துடன், உடற்பரிசோதனை செய்து, வைத்தியர் மட்டுமே கொடுக்கலாம். தெரியாமல் கொடுக்கப்பட்டவர் அதன்மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம்.

வைத்தியசாலை உடலில் உள்ள மதுவை இறக்கிவிடும். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அதே சந்தி, அதே கூட்டாளிகள், அதே கனவுகள். அப்போதுதான் கூட்டம் தேவைப்படுகிறது.

இந்தக் கூட்டங்கள் எப்படித் தோன்றின?

1935 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள அக்ரன் என்ற நகரத்துக்கு பில் வில்சன் என்ற பங்குத் தரகர் வியாபார விடயமாகச் சென்றிருந்தார். பல வருடக் குடியால் எல்லாவற்றையும் இழந்து, சில மாதங்களாகத்தான் குடிக்காமல் இருந்தவர் அவர். போன காரியம் தோல்வியில் முடிந்தது. விடுதியின் முன்கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தொலைபேசி. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பலாம் என்று அவருக்குப் பட்டது. அந்த ஊர்த் தேவாலயமொன்றின் போதகருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த வழியாக அவர் சந்தித்த மனிதர் பொப் ஸ்மித் என்ற வைத்தியர். அவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர். உபதேசம் செய்யாமல், தன் கதையை மட்டும் சொன்ன மனிதரிடம் அந்த வைத்தியர் மனம் திறந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 யூன் 10 ஐயே ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்ற இயக்கத்தின் ஆரம்பநாளாகக் கொள்கிறார்கள். பெயரை வெளியிடாத குடிநோயாளர்கள் என்பது அதன் பொருள். இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் இக்கூட்டங்கள் நடக்கின்றன. இலங்கையிலும் நடக்கின்றன.

இதன் ஒழுங்கு எளிமையானது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. முழுப்பெயரும் முகவரியும் கேட்பதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். செலவுக்கு விரும்பியவர்கள் சில்லறை போடுவார்கள். 12 படிகள் என்ற ஒரு வழிமுறையை அவர்கள் பின்பற்றுகிறார்கள். தன்னால் தனியாக முடியாது என்று ஏற்றுக்கொள்வதில் அது தொடங்குகிறது. தான் காயப்படுத்தியவர்களுக்கு ஈடு செய்வதும், கடைசியில் இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவதும் அதில் அடங்கும்.

‘வாயால் பேசிக் குடி நிற்குமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. 2020 ஆம் ஆண்டில் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குபற்றிய 27 ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பரிசீலித்தது. இக்கூட்டங்களோடு ஒருவரை ஒழுங்காக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ச்சியாகக் குடிக்காமல் இருப்பதற்கு மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாகவே உதவியது என்பது அதன் முடிவு.

எங்கள் பகுதிகளில் எல்லாக் கூட்டங்களும் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவை அல்ல. வைத்தியசாலை உளநலப் பிரிவுகள், தேவாலயங்கள், தொண்டு நிறுவனங்கள், கிராமச் சங்கங்கள் என்பனவும் தத்தமது வழியில் குழுக்களை நடத்துகின்றன. எனவே ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் பலர் முதற் கூட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒரு குடும்பத்தின் தேடல்

இக்குடும்பத்தின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த அக்காவின் கணவர் ஒரு மேசன். நல்ல கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். 2009 இல் மூத்த மகனை இழந்தார்கள். முகாமிலிருந்து திரும்பி வந்து மற்றவர்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தார். தனது வீட்டுக்கு மட்டும் கூரை போடவில்லை. கூலியில் பாதி கசிப்புக்குப் போனது. அக்கா நேர்த்தி வைத்தார். கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வித்தார். பதினொரு நாள் நின்றது. ஒருநாள் சாரத்தில் இருந்து விழுந்து கை முறிந்தபோதுதான், வைத்தியசாலையில் வைத்தே உளநலப் பிரிவுக்கும் அனுப்பினார்கள். குடியை இறக்கி வீட்டுக்கு விடும்போது வைத்தியர், “ஐயா, ஒரு குழுவில சேர்ந்திருங்கோ. தனிய இருந்தால் கஷ்டம்” என்றார்.

முதலாவது கூட்டம் பட்டணத்தில் ஒரு மண்டபத்தில். வாசலில் வரவு இடாப்பு. பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, கையொப்பம். உள்ளே ஈரல் படம் காட்டி ஒருவர் ஒரு மணித்தியாலம் விரிவுரை செய்தார். முடிவில் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நடத்தியவர்களின் எண்ணம் நல்லதுதான். விழிப்புணர்வுக்கு அப்படியான நிகழ்ச்சிகள் தேவை. ஆனால் இந்த மனிதர் வீடு வந்து சொன்னது இது: “சோதனைக்குப் போய் வந்தமாதிரிக் கிடக்கு. எத்தினை இடத்தில பேர் குடுத்திட்டம். இனி இதுக்குமோ?”

இந்தச் சொல்லின் கனம் எங்கள் வாசகிகளுக்கு விளங்கும். முகாமில் பதிவு, திரும்பி வரும்போது பதிவு, நிவாரணத்துக்குப் பதிவு, விசாரணைக்குப் பதிவு என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்த முதல் வருடங்களில் ஊரில் நாலு பேர் ஒன்றாகக் கூடுவதற்கே பயந்தோம். அப்படிப்பட்டவரிடம் பெயரும் கையொப்பமும் கேட்டால் மனம் பூட்டிக்கொள்கிறது. அவர் மறுபடி போகவில்லை. இரண்டு கிழமையில் திரும்பவும் குடித்தார்.

அக்கா என்னிடம் வந்து, “அவ்வளவுதான் தங்கச்சி, முடிஞ்சுது” என்றார். ஒரு சட்டை அளவில்லை என்றால் உடுப்பே வேண்டாம் என்று இருப்போமா, வேறு கூட்டம் பார்ப்போம் என்றேன்.

இரண்டாவது கூட்டம் ஒரு வழிபாட்டிடத்தில் நடந்தது. நடத்திய பெரியவர் மிகவும் கனிவானவர். வேறு சமயத்தவர் என்பது இவருக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. பிரச்சினை வேறு இரண்டு. அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் அக்காவின் தங்கை கலியாணம் முடித்த ஊர்க்காரர். அத்துடன் கூட்டம் முடிய ஏழு மணியாகும், கடைசி பஸ் ஆறரைக்கு. நடந்து வரும் வழியில் தவறணை. மூன்று கிழமை போனார், பிறகு நின்றார். இதிலும் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்தில் இன்றுவரை பயன்பெறுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதை வைத்தியசாலைத் தாதி ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, ஒரு முன்பள்ளியின் பின் அறை. எட்டுப் பேர்வரை வருவார்கள். குடியை விட்டவர்கள் மட்டும் இருக்கும் கூட்டம் என்பதால் நானும் அக்காவும் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தோம். உள்ளே பேசப்பட்டது எனக்குத் தெரியாது. அவர் பின்னர் தன்னைப்பற்றிச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அங்கே இடாப்பு இல்லை. “பேர் சொல்ல விருப்பமில்லாட்டிச் சொல்ல வேண்டாம், இருந்து கேளுங்கோ” என்றார்களாம். சிறு பிள்ளைகளின் கதிரை போதாமல் பாயில் இருந்தார்கள். முதல் நாலு கிழமையும் இவர் வாய் திறக்கவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. ஐந்தாவது கிழமை, பிள்ளையை இழந்த இன்னொரு தகப்பன் பேசி முடித்ததும், இவர் தன் மகனின் பெயரைச் சொன்னார். அத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதற்தடவை என்று அக்கா சொல்கிறார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மகனின் நினைவுநாள் வந்த கிழமை மீண்டும் குடித்தார். ஆனால் இந்தமுறை மறுநாள் காலை குழுவில் இருந்த ஒருவருக்கு அவரே தொலைபேசி எடுத்தார். அந்த மனிதர் சைக்கிளில் வந்து, ஒன்றும் பேசாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டு மத்தியானம்வரை கூட இருந்தார். அன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள். மூன்று வருடமாகிறது. வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று.

பொருத்தமான கூட்டத்தை எப்படி அறிவது?

ஒரு கூட்டத்துக்குப் போவதற்கு முன்னர் கீழ்வரும் விடயங்களை விசாரித்து அறியுங்கள்.

1. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தவரும் போகலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். முதன்முறை போக வெட்கப்படுபவருக்குத் திறந்த கூட்டம் நல்லது. மனம் திறக்க மூடிய கூட்டம் நல்லது.

2. இரகசியம் காக்கப்படுமா? பெயர் எழுதுகிறார்களா, படம் எடுக்கிறார்களா, அறிக்கை யாருக்காவது போகிறதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

3. யார் பேசுகிறார்கள்? ஒருவர் மட்டும் பேச மற்றவர்கள் கேட்பது வகுப்பு. எல்லோருக்கும் முறை வருவதுதான் குழு. குடியை விட்டுப் பல வருடமானவர்களும், நேற்று விட்டவர்களும் கலந்து இருந்தால் மிக நல்லது. புதியவருக்கு முன்மாதிரி வேண்டும். பழையவருக்குத் தான் வந்த வழி மறக்காமல் இருக்க வேண்டும்.

4. மொழியும் பேச்சும் விளங்குமா? தமிழில் நடந்தால் மட்டும் போதாது. எங்கள் பேச்சில், எங்கள் வாழ்க்கை தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

5. நேரமும் பாதையும் எப்படி? பஸ் இருக்கிறதா, போய்வரக் காசு எவ்வளவு, வழியில் சாராயக்கடை உண்டா, கூலி வேலை இல்லாத நாளா என்று பாருங்கள். செயற்கைக் கால் போட்டவர், கண் தெரியாதவர் ஏறி இறங்கக்கூடிய இடமா என்பதையும் பாருங்கள்.

6. சமயம் எப்படிக் கையாளப்படுகிறது? இறைவனைப் பற்றிப் பேசும் கூட்டங்கள் பல. அவரவர் விளங்கிக்கொண்டபடி நம்பலாம் என்று விடுகிறார்களா, மதம் மாறச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

7. மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? வைத்தியர் தந்த மருந்தை விடச் சொல்லும் குழு பாதுகாப்பான குழு அல்ல. காசு கேட்கும் குழுவும் அப்படியே.

8. கூட்டம் இல்லாத நாட்களில் ஆள் உண்டா? இரவில் குடிக்க மனம் உன்னும்போது தொலைபேசி எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்கு இப்படித் துணையாக இருப்பது நல்ல குழுக்களின் வழக்கம்.

இவற்றில் எல்லாம் பொருந்திய கூட்டம் கிடைப்பது அரிது. பாதிக்குமேல் பொருந்தினால் போகலாம். ஒருமுறை போய்த் தீர்ப்புச் சொல்லாமல், நாலைந்து முறையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பொழுதும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு கூட்டம் தேடுங்கள். கூட்டத்தை மாற்றுவது தோல்வி அல்ல. தேடலை நிறுத்தாமல் இருப்பதே முக்கியம்.

உங்களுக்கும் ஒரு கூட்டம்

அமெரிக்காவில் கணவன்மார் கூட்டத்தில் இருக்கும்போது மனைவிமார் வெளியில் காத்திருப்பார்களாம். அவர்களும் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். பில் வில்சனின் மனைவி லோயிஸ், 1951 ஆம் ஆண்டில் இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து குடிநோயாளிகளின் குடும்பத்தவர்களுக்கென ‘அல்-அனொன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1957 இல் பிள்ளைகளுக்கென இன்னொரு கிளையும் உருவானது.

அந்த வேப்பமரத்தடியிலும் இதுதான் நடந்தது. காத்திருந்த மனைவிமார் முதலில் விலைவாசி பேசினார்கள். பிறகு போத்தலை ஒளித்தது, கடன்காரருக்குப் பொய் சொன்னது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அயல்வீட்டில் படுத்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. “எனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சன்” என்று ஒரு சகோதரி சொன்னபோது மற்ற எல்லோரும் சிரித்தார்கள், கண்களையும் துடைத்தார்கள்.

அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் அல்ல. அதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது. அவர் கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் உங்களுக்கு நித்திரையும் நிம்மதியும் தேவை. அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். அடிப்பவர் கூட்டத்துக்குப் போகிறார் என்பதற்காக நீங்கள் அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருக்கத் தேவையில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு உண்டு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

குடிக்கும் சகோதரிகளுக்கு

இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இருக்கிறார்கள். துணையை, பிள்ளைகளை இழந்து, தனியே இரவைக் கடக்கக் குடிக்கத் தொடங்கிய பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆண் குடித்தால் ‘என்ன செய்யிறது’ என்று விடும் ஊர், பெண் குடித்தால் நடத்தையையே பேசும். அதனால் அவர்கள் வீட்டுக்குள்ளேயே நோயை மூடி வைக்கிறார்கள்.

பத்து ஆண்கள் இருக்கும் அறைக்குள் அப்படியான பெண்ணைத் தனியே போகச் சொல்வது நியாயமல்ல. உளநலப் பிரிவில் பெண் தாதியிடமோ, பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ முதலில் பேசுங்கள். இரண்டு பெண்கள் சேர்ந்தாலே அது ஒரு கூட்டம். 2020 ஆம் ஆண்டு கொரோனாக் காலத்துக்குப் பிறகு கைத்தொலைபேசி வழியாகவும் கூட்டங்கள் பரவின. முகம் காட்டாமல், வீட்டுக்குள் இருந்தே கேட்கக்கூடிய வசதி பெண்களுக்குப் பெரிய உதவி. இப்பத்தியை வாசிக்கும் சகோதரி ஒருவருக்கு நெஞ்சு படபடத்தால் அவருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் கெட்டவர் அல்ல, நோயாளி. நோய்க்கு மருந்தும் துணையும் உண்டு.

கூட்டமே இல்லாத ஊரில்

வன்னியின் உட்கிராமங்களில் ‘தேடித் தெரிவு செய்ய’ ஒன்றும் இருக்காது. அங்கே என்ன செய்யலாம்?

முதலில் அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநல மருத்துவ உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கிளினிக் நாளில் வருபவர்களில் குடியை விட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் சம்மதித்தால் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துவைக்க அவரால் முடியும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

அடுத்து, ஊரில் ஏற்கெனவே குடியை விட்ட ஒருவரைத் தேடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருப்பார். இன்னொருவரோடு கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் இருந்து பேச அவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய மண்டபம், பதாகை, பிரதம விருந்தினர் எதுவும் வேண்டாம். மாதர் சங்கக் கட்டடமோ, வாசிகசாலையோ, மரநிழலோ போதும். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். மழை பெய்தாலும் அந்த நேரத்தில் அங்கே ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கைதான் குழுவின் அத்திவாரம்.

அன்பான சகோதரிகளே! சீட்டுப் பிடித்தோம், சுயஉதவிக் குழு அமைத்தோம், காணிக்காகவும் காணாமல்போனோருக்காகவும் வீதியில் ஒன்றாக இருந்தோம். கூடியிருப்பதன் பலத்தை எங்களைவிட அறிந்தவர்கள் யார்? குடிநோயைத் தனித்து நின்று வெல்ல முடியாது, நோயாளியாலும் முடியாது, அவரது குடும்பத்தாலும் முடியாது. உங்கள் வீட்டுக்குப் பொருத்தமான கூட்டம் முதற்தடவையிலேயே கிடைக்காமல் போகலாம். அடுத்ததை விசாரியுங்கள். உங்களுக்குக் கிடைத்ததும் அயல்வீட்டுச் சகோதரிக்கும் அந்த நாளையும் நேரத்தையும் மெல்லச் சொல்லிவிடுங்கள்.